கேமராக்கா பார்த்த ஊமைப்படம்

சந்தேகம் அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. காலையில் எழுந்ததும் தானாக வந்துவிடும். காய்கறிக் கடையில் தக்காளி நிறுத்துக் கொடுத்தால் குனிந்து தராசின் அடியைப் பார்ப்பாள். "ஒண்ணும் ஒட்டி வைக்கலக்கா, நல்லாப் பாத்துக்கோங்க" என்று கடைக்காரரே தராசைத் தூக்கிக் காட்டும் அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் யார் என்று கணவரின் காதில் சொல்லிவிடுவாள். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். அதுதான் அவருக்கு எரிச்சல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர்; நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு நிம்மதியாக ஒரு படம் பார்க்க நினைத்தால் இது ஒரு தொல்லை.

இந்தக் குணமே ஒருநாள் அவளுக்கு வேலையாகவும் ஆனது. வீட்டுச் சாமான்கள் விற்கும் மூன்று மாடிக் கடையொன்றில் பில் போடச் சேர்ந்தவள், ஒரு பெண்மணி குக்கரின் விலைச் சீட்டை உரித்து இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். மேனேஜர் அன்றைக்கே அவளைக் கண்காணிப்பு அறைக்கு மாற்றினார். அன்றிலிருந்து கடையில் எல்லாருக்கும் அவள் கேமராக்கா. மேனேஜர் வயதில் மூத்தவர். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி, கட்டம் கட்டமாகக் கடையைக் காட்டும் இரண்டு திரைகள். கேமராக்கள் எல்லாம் கூரையில் இருந்ததால் யாருடைய முகமும் முழுதாகத் தெரியாது. நாளடைவில் அவள் ஆட்களை உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்லத் தொடங்கினாள். யாருக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது, யார் சாயம் பூசுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வீட்டாருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

மகள் படிப்புக்காக வெளியூர் போன வருடம், ஞாயிற்றுக்கிழமைகள் வெறிச்சென்று ஆகிவிட்டன. அப்போதுதான் நூலகத்தின் வாசலில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். 'பழைய படங்களும் புதிய படங்களும்: வகை, உத்தி, கருப்பொருள். ஞாயிறு காலை, மாடி அரங்கு. அனுமதி இலவசம்.' இலவசம் என்ற சொல்தான் அவளை உறுத்தியது. கடைசியில் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று நினைத்துக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பல வாரம் காத்திருந்தும் யாரும் எதையும் விற்கவில்லை. அதற்குள் வகுப்பு அவளைப் பிடித்துக்கொண்டது.

வகுப்பெடுத்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். ஒரு சினிமாக் கம்பெனியில் படத்தொகுப்பு செய்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்த வந்தவள். எல்லாரும் டீச்சர் என்றார்கள். குடும்பப் படம், திகில் படம், குற்றப் படம் என்று ஒவ்வொரு வகையாக எடுத்துக்கொண்டு, பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாகத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டுவாள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள்.

குற்றப் படங்களுக்கு வந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டாள். கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை. முதலாளி செத்துக் கிடக்கிறார். கடையில் இருந்த உதவியாள்தான் செய்திருப்பான் என்று அரங்கு முழுக்கச் சொன்னது. ஏன் என்று டீச்சர் கேட்டாள். பார்த்தாலே தெரிகிறதே என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. டீச்சர் திரும்ப ஓட்டினாள். அந்த ஆளைப் படம் எப்போதும் முதுகுப்பக்கமிருந்தே காட்டியது. பாதி முகம் நிழலில். கதவைத் தாண்டும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான்.

"அவன் ஒண்ணுமே செய்யல" என்றாள் டீச்சர். "கேமராதான் அவன்மேல சந்தேகப்படுது. நீங்க கேமராவை நம்பிட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கேமராக்கா சிரிக்கவில்லை, மனதில் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் டீச்சர் சொன்னதில் அவள் எடுத்துக்கொண்டது வேறு. திரும்பிப் பார்ப்பது, சுவரோரமாக நடப்பது, கையை மறைப்பது: இவையெல்லாம் குற்றத்தின் அடையாளங்கள் என்று அதுவரை அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. இப்போது பெயரோடும் வரிசையோடும் தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவளுடைய கட்டங்களில் நடமாடிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு படத்தின் நடுவில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் ஹெட்போன் பெட்டிகள் குறைய ஆரம்பித்தன. இரண்டாம் மாடியில் விற்கும் விலை கூடிய சரக்கு. மேனேஜர் அவள் அறைக்கே வந்து, ஸ்டாக் ரூம் கட்டத்தின்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். "யாரா இருந்தாலும் சரி" என்றார். அந்த 'யாரா இருந்தாலும்' என்பதை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக அவளுக்குப் பட்டது. ஏனென்றால் இரண்டாம் மாடியில் வேலை பார்த்தவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தாள்.

கொழுந்தன் என்றாலும் மகன் மாதிரிதான். மாமியார் இறந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அதிலிருந்து இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். கலகலப்பானவன். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடம் கிட்டத்தட்ட கூடிவந்திருந்தது.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் ஸ்டாக் ரூமுக்குள் போவதை அவள் பார்த்தாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். உள்ளே நாலடி போனதும் மறுபடி பார்த்தான். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு எட்டாத மூலைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்து, காதோரம் முடியைத் தடவிவிட்டுக்கொண்டான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

வீட்டில் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனித்ததும் எல்லாம் பிடிபட்டது. கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. முகம் கொடுக்க முடியாமல்தானே? போன் வந்தால் எடுப்பதில்லை, துண்டித்துவிட்டு மெசேஜ் அனுப்புகிறான். யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதானே? அண்ணன் ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரித்த பிறகு சிரிக்கிறான். மனசு இங்கே இல்லை. டிவியை அலறவிடுகிறான். மாடி அறையில் என்ன செய்கிறான் என்பது நமக்குக் கேட்கக் கூடாது, அதற்குத்தான். இரவில் பாத்திரம் கழுவும்போது இவை ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அழுகை வரும்; கூடவே, சொன்னால் வெட்கம், கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஒரு பெருமிதமும் வரும்.

டீச்சர் அந்த வாரம் வெட்டி ஒட்டுவதைப் பற்றி நடத்தினாள். ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். அடுத்து மேகத்தைக் காட்டினால் அவள் மழைக்கு ஏங்குகிறாள். அடுத்து உடைந்த ஜன்னலைக் காட்டினால் பயப்படுகிறாள். முகம் ஒன்றேதான். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் கதையைப் பார்க்கிறவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

கேமராக்கா தன் போனில் திரையைப் படம் பிடித்து வைத்திருந்த துண்டுகளை எடுத்தாள். மகள் போட்டுக் கொடுத்திருந்த ஒரு செயலியில் அவற்றை ஒட்டினாள். கொழுந்தன் திரும்பிப் பார்க்கிறான். பெட்டியை எடுக்கிறான். மூலைக்குப் போகிறான். வெறுங்கையோடு வருகிறான். கடைசியில் அலமாரியில் பெட்டிகள் இல்லாத இடைவெளி. அந்தக் கடைசித் துண்டு வேறொரு நாள் எடுத்தது. அது அவளுக்குத் தெரியும். அதே அலமாரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் கணவரிடம்தான் காட்டினாள். பஸ் நிறுத்துமிடத்துக்கே போனாள். அவர் சாயங்கால ட்ரிப்பை முடித்துவிட்டு, சீட்டுகளுக்கு அடியில் கிடந்த காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். துடைப்பத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தேடினார்.

"நம்ம கையில வளர்ந்தவன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி கூடத்தில் சுவரைப் பார்த்து நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தான். கூடத்து பல்பு காலையிலிருந்தே எரியவில்லை. அண்ணன் கைகழுவும் தொட்டியில் குனிந்தபடியே, அவன் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் சொன்னார்: "நீ வேற இடம் பாத்துக்கோ."

"சரிண்ணா, நானே மாத்திடறேன்" என்றான் தம்பி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பழைய பல்பைக் கழற்றிப் புதியதைப் போட்டான். வெளிச்சம் வந்ததும் கீழே இறங்கிக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அண்ணன் ஈரக் கையோடு அப்படியே நின்றார். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் பல்பு மாட்டுகிறானே, இவனுக்கு எவ்வளவு தைரியம் என்று அன்று முழுக்கப் பொருமினார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேமராக்காவுக்கும் அது திமிராகத்தான் பட்டது. ஆனால் என்னவோ ஒன்று அதில் இடித்தது.

சனிக்கிழமை மேனேஜரிடம், திங்கட்கிழமை உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன் என்றாள். அவர் பெயர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒலியைப் பற்றி. டீச்சர் ஒரு புதுப் படத்திலிருந்து ஒரு காட்சியைச் சத்தமே இல்லாமல் போட்டாள். ரயில் நிலைய பெஞ்சில் ஒரு வயதானவர். மடியில் ஒரு பை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். யாராவது பக்கத்தில் வந்தால் பையைத் திருப்பிக்கொள்கிறார். இவர் யார் என்று கேட்டாள் டீச்சர். வீட்டை விட்டு ஓடி வந்தவர் என்றார் ஒருவர். பையில் வெடிகுண்டு என்றார் ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு; ரயில்வேக்காரர் சொன்னதால் சிலர் நம்பினார்கள்.

"திருடன்" என்றாள் கேமராக்கா. "பையை எப்படிப் பிடிச்சிருக்கான் பாருங்க. நான் தினமும் பாக்கறேன்."

டீச்சர் சத்தத்தை வைத்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. அரங்கு வெடித்துச் சிரித்தது. ரயில்வே கார்டுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கேமராக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூடத்து பல்பு நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுபோனது.

அண்ணன் தொட்டியில் குனிந்திருந்தார். தம்பி சுவரைப் பார்த்திருந்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு இடம் பார் என்பது அவனுக்கு வேறு பல்பு போடு என்றுதான் போய்ச் சேர்ந்ததோ? கூப்பிட்டால் திரும்பாதது, எல்லாரும் சிரித்த பிறகு சிரிப்பது, டிவி அலறுவது, போனை எடுக்காதது. வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பது.

இத்தனை வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த கட்டங்களில் ஒன்றில்கூடச் சத்தம் கிடையாது. அது ஒரு குறை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்படியும் அவள் உடனே நம்பிவிடவில்லை. பழக்கம் அப்படி. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து காது கேட்காத மாதிரி நடிக்கிறானோ என்றும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். அவன் மாடி அறையில் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். நடிக்கிறவன்கூட நடிப்பை மறந்து திரும்பிவிடுகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க இந்த இடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

இஸ்திரிப் பெட்டி காலர் ஓரமாக ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கை கொஞ்சமும் தயங்கவில்லை. அவன் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான், சுருதி விலகியிருந்தது.

அவள் போய்த் தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன அண்ணி, சாப்பாடா?"

அவள் அவன் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரிய, நிறுத்திக் கேட்டாள்: "தம்பி, உனக்குக் காது கேக்குதா?"

முதலில் கிண்டல் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகுதான். இடது காதில் ஆரம்பித்தது. இப்போது வலதும் போய்க்கொண்டிருக்கிறது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறான். டாக்டரிடம் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடும். பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், கடைக்குத் தெரிந்தால் என்ன ஆகும். ஸ்டாக் ரூமில் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பிரித்து வைத்த ஹெட்போன் ஒன்று உண்டு. தினமும் மதியம் அதை மாட்டிக்கொண்டு, நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு சத்தம் கூட்டினால் கேட்கிறது என்று பார்ப்பான். பிறகு பெட்டியை அங்கேயே கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வருவான்; மறுநாள் காலை சரக்கு அடுக்கும்போது அது அலமாரிக்கே திரும்பிவிடும். பின்னால் யாராவது வந்தால் காலடி கேட்காது. அதனால் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. "ஸ்டாக் ரூம்னு சொன்னப்போ நீங்க ஏன் ஆச்சரியப்படல?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவள் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கடைசிவரை பார்த்தான். அந்த வெறும் அலமாரி வந்ததும் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஏணி சாய்த்து வைத்திருந்தது. அது பெயின்ட் அடித்த அன்று வைத்தது என்றும், அன்றைக்குத் தான் பல் பிடுங்க லீவு போட்டிருந்ததாகவும் சொன்னான். அவள்தான் அன்று அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

"படம் நல்லா வந்திருக்கு அண்ணி" என்றான். "பாத்தா நானே நம்பிடுவேன்."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தினமும் சோறு போடறீங்க. போடும்போது கேட்டிருக்கலாமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சத்தம் மட்டும் தேவைக்கு மேல் கூடியிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய்த் தம்பியின் எதிரில் நின்று, தான் அன்றைக்குச் சொன்னது என்ன என்பதை அவனிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்; அவருக்கு அப்படி வராது. தம்பி, "நல்லவேளை கேக்கல" என்றான். அண்ணன் அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனாள். ஒட்டிய படத்தைக் காட்டாமல், பதிவாகியிருந்த முழு நேரத்தையும் போட்டுக் காட்டி, கீழ்த்தட்டில் இருந்த பெட்டியையும் கொண்டுவந்து வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் எதையும் மறுக்கவில்லை. நம்பவும் இல்லை. சனிக்கிழமை ஒரு கதை, திங்கட்கிழமை ஒரு கதையா என்று கேட்டார். சொந்தக்காரன் என்றதும் மனசு மாறியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே அவளைப் பார்த்த விதத்தில் அது இருந்தது. கொழுந்தனை ஸ்டாக் ரூமுக்குள் போகக் கூடாது என்று நிறுத்தினார். கொஞ்ச நாளில் கேமரா அறையின் மூலையிலேயே ஒரு கேமரா வந்தது. அவள் நாற்காலிக்கு நேர் பின்னால்.

காணாமல் போன பெட்டிகளின் கதை சீக்கிரமே தெரிந்துவிட்டது. குடோனிலிருந்து வந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மேனேஜரே தன் கண்முன் பிரிக்க வைத்தார். சீல் உடையாமல் இருந்தது. உள்ளே பெட்டிகள் குறைவாக இருந்தன. கடைக்குள் யாரும் எதையும் தொடவில்லை. குடோன்காரர்களோடு பெரிய சண்டை நடந்தது. கொழுந்தனைப் பழையபடி வேலை செய்யச் சொன்னார்கள். வருத்தம் என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கேமராவையும் யாரும் எடுக்கவில்லை. கழுத்தில் அரித்தால்கூடச் சொறியலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசைக்கு வேலை மாறிக்கொண்டாள். அங்கே நாள் முழுக்க ஆட்கள் எதிரில் வந்து நின்று பேசினார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். முதல் மாதம் அவளுக்குத் தலைவலியாக இருந்தது.

பெண் வீட்டாரிடம் கணவர் நேரில் போய் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கொழுந்தனுக்கு அதில் வருத்தத்தைவிட விடுதலைதான் அதிகம் என்று தோன்றியது. காது டாக்டர், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். காது மெஷின் மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள் அவன் வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டான். செருப்புச் சத்தம் தாங்கவில்லை என்றான், குழாய்ச் சத்தம் தாங்கவில்லை என்றான், அண்ணன் மெல்லும் சத்தம் தாங்கவே இல்லை என்றான். பிறகு பழகிவிட்டது. அந்த வருடக் கடைசியில், கடைக்குப் பக்கம் என்று சொல்லி இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். பக்கம் என்பதுதான் காரணமா என்று அவள் கேட்கவில்லை.

நூலகத்து வகுப்புக்கு அவள் தொடர்ந்து போனாள். ஒருநாள் டீச்சரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னபோது, டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, அந்தப் படத்தைக் கொடுங்கள், வெட்டி ஒட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்றாள். அழித்துவிட்டதாகக் கேமராக்கா சொன்னாள். உண்மையில் அழித்தும் விட்டிருந்தாள்.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவான். அண்ணனோடு பழையபடி சிரித்துப் பேசுவான். அவளிடம் மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பான். காதில் மெஷின் இருக்கும். சில சமயம் சமையலறையிலிருந்து "தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பாள். பதில் வர நேரமாகும். சில சமயம் வராது. கேட்கவில்லையா, கேட்டும் பேசாமல் இருக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. கரண்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, அவன் எதிரில் நின்று மறுபடி கேட்பாள்.